டாக்டரம்மா பதில்கள்: அந்த மெழுகு பிளாக் எங்கே?

பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் (பேத்தாலஜி) மருத்துவர். பிறந்தது திருப்பாதிரிப்புலியூர், இப்போது இருப்பது லாஸ்பேட்டை.

போன இதழில் குழந்தைகளின் மூளைக் கட்டிகளைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசை நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸும் சேர்த்தே வந்திருக்கின்றன. ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் பிள்ளையை நான் பார்க்கவில்லை, அதனால் சிகிச்சை சொல்ல மாட்டேன். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன்.

என் மகனுக்கு எட்டு வயது. காலையில் எழுந்ததும் வாந்தி எடுப்பான், எடுத்த பிறகு தெளிந்துவிடுவான். பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தோம். நடை தள்ளாட ஆரம்பித்த பிறகுதான் கடலூரில் ஸ்கேன் எடுத்தோம். புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. ரிப்போர்ட்டில் "மெடுல்லோபிளாஸ்டோமா, கிரேடு 4, மாலிக்யூலர் பரிசோதனை செய்வது நல்லது" என்று போட்டிருக்கிறார்கள். கிரேடு 4 என்றால் கடைசிக் கட்டம்தானே? அப்படியிருக்க இன்னொரு டெஸ்ட் எதற்கு? அதற்குச் செலவு வேறு ஆகுமே?
— ஒரு தாய், நெல்லிக்குப்பம்

அம்மா, முதலில் அந்த 4-ஐப் பார்த்துப் பயப்படுவதை விடுங்கள். ஸ்டேஜ் வேறு, கிரேடு வேறு. நோய் உடம்பில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகக் கூடியவை என்பது கிரேடு. சிறுமூளையில் வரும் இந்தக் கட்டிக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்று பெயர் வைத்தாலே அது கிரேடு 4 தான். அதில் கிரேடு 2, 3 என்பதெல்லாம் கிடையாது. ஆனால் அதே கிரேடு 4-க்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குழந்தைகள் பிழைத்து வளரும் வகையும் இருக்கிறது, எல்லா மருந்தையும் மீறித் திரும்பி வரும் வகையும் இருக்கிறது. உங்கள் மகனுடையது எது என்று கேட்பதற்குத்தான் அந்த மாலிக்யூலர் டெஸ்ட், அதாவது செல்லுக்குள் ஜீனைப் பார்க்கும் டெஸ்ட்.

இந்தக் கட்டிக்குப் பெயர் வைத்தவர்கள் பெய்லி, குஷிங் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், 1925-ல். அதற்குப் பிறகு எண்பது வருஷத்துக்கு மேல் எங்களைப் போன்றவர்களுக்குத் துணை மைக்ராஸ்கோப் ஒன்றுதான். ஸ்லைடை வைத்தால் இளஞ்சிவப்புப் பின்னணியில் கரு ஊதாவாக, நெருக்கியடித்துக்கொண்டு சின்னச் சின்ன செல்கள் தெரியும். நானும் அப்படித்தான் பார்த்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதினேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு கட்டிகளில் ஒரு பிள்ளை பிழைக்கும், இன்னொரு பிள்ளை போய்விடும். ஏன் என்று ஸ்லைடு சொல்லாது. செல்லுக்குள் எந்த ஜீன் கெட்டிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஆய்வாளர்கள் கூடி இதை நான்கு வகையாகப் பிரித்து 2012-ல் வெளியிட்டார்கள்: டபிள்யூ.என்.டி., எஸ்.எச்.எச்., குரூப் 3, குரூப் 4. ஜீன் பார்த்துப் பிரிக்கும் முறை 2016-ல் உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டிலேயே வந்துவிட்டது. 2021 பதிப்பில் இன்னும் விரிவாக இருக்கிறது.

டபிள்யூ.என்.டி. வகை, இந்தக் கட்டி வரும் பத்துக் குழந்தைகளில் ஒருவருக்கு இருப்பது. நான் மேலே சொன்ன தொண்ணூறு சதவீதம் இதுதான். இந்தக் கட்டியின் செல்களில் பெரும்பாலும் ஆறாவது குரோமோசோமின் ஒரு பிரதி காணாமல் போயிருக்கும். எஸ்.எச்.எச். வகையில் டி.பி.53 என்ற ஜீன் சரியாக இருக்கிறதா, கெட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும். குரூப் 3-ல் மிக் என்ற ஜீன் பல மடங்கு பெருகியிருந்தால் டாக்டர்கள் கவலைப்படுவார்கள்.

சரி, இதனால் உங்கள் பிள்ளைக்கு என்ன? ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு வயதுப் பிள்ளைக்கு மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். நோய் திரும்பும் அபாயம் சாதாரணம் என்றால் 23.4 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு), அபாயம் அதிகம் என்றால் 36 கிரே. கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்து மொத்தம் 54 கிரே வரை கொண்டுபோவார்கள். இந்த 23-க்கும் 36-க்கும் நடுவில்தான் பிள்ளையின் ஞாபகசக்தி, உயரம், ஹார்மோன், படிப்பு எல்லாம் இருக்கிறது. அதனால்தான் உலகம் முழுக்க நல்ல வகைக்கு டோஸைக் குறைக்க முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டபிள்யூ.என்.டி. குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக் கதிர்வீச்சே கொடுக்காமல், கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளுக்கு வேறு இடத்தில் நோய் திரும்பியது. அடியோடு விட்டுவிடுவது சரிவராது என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். எனக்கு அந்தக் குழுவின் மேல் மரியாதை கூடியது. ஆகவே "நல்ல வகைதான் என்று வந்துவிட்டது, கதிர்வீச்சு வேண்டாம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். டோஸ் குறைப்பதை உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு ஆய்வின் கண்காணிப்பில்.

டெஸ்ட் செலவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். எடுத்த எடுப்பில் பெரிய டெஸ்டுக்குப் போக வேண்டியதில்லை. பீட்டா கேடெனின், காப்1, யாப்1 என்று சில புரதங்களை ஸ்லைடிலேயே சாயம் ஏற்றிப் பார்க்கலாம். எங்கள் பாஷையில் ஐ.எச்.சி. செலவு குறைவு, சில நாளில் முடிவு வரும். பீட்டா கேடெனின் செல்லின் நடுக் கருவுக்குள் பழுப்பாகத் தெரிந்தால் டபிள்யூ.என்.டி. என்று சந்தேகிப்போம். சில செல்களில் மட்டும் தெரிந்தால் தடுமாறுவோம், அப்போது ஜீன் டெஸ்ட் வேண்டும். குரூப் 3-ஐயும் குரூப் 4-ஐயும் ஐ.எச்.சி.யால் பிரிக்க முடியாது. அதற்கு மெத்திலேஷனோ (அது என்ன என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்), ஆர்.என்.ஏ. பார்க்கும் முறையோ தேவை. டாக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த டெஸ்டில் ஆம் என்று வந்தால் என்ன செய்வீர்கள், இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் பதில் ஒன்றேயானால் அந்தப் பணத்தைப் பையிலேயே வையுங்கள். இரண்டும் வேறு என்றால் கடனை வாங்கியாவது செய்ய வேண்டிய டெஸ்ட் அது. காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமா என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு உதவி மேசையில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் கதவு மூடியிருக்கும்.

ரிப்போர்ட் வரவில்லை என்று கதிர்வீச்சைத் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் முடிந்து நாலு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிடுவது வழக்கம். டெஸ்டுக்கு அனுப்ப வேண்டியது ஆபரேஷன் முடிந்த வாரமே. கதிர்வீச்சுக்கு முந்தின நாள் யோசிக்கிற விஷயம் இல்லை இது.

அப்புறம், இஞ்சிச் சாறு கொடுத்ததற்காக மனசைப் போட்டு உருட்டாதீர்கள். இராத்திரி முழுக்கப் படுத்திருக்கும்போது தலைக்குள் நீர் அழுத்தம் ஏறும், அதனால்தான் காலை வாந்தி. முதலில் பார்க்கிற டாக்டர்களே வயிற்றுக் கோளாறு என்று நினைப்பது உண்டு. இதைப் படிக்கிற மற்ற தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: காலை வாந்தியும் தலைவலியும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், கூடவே நடை தள்ளாடினால் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

என் பெண்ணுக்கு மூன்று வயது. முதல் ஆஸ்பத்திரியில் பி.என்.இ.டி. என்றார்கள். ஸ்லைடை வேறு ஊருக்கு அனுப்பினோம், அங்கே வேறு பெயர் சொல்கிறார்கள். யாரோ ஒருவர் தப்பு செய்திருக்கிறார்கள் என்றுதானே ஆகிறது? யாரை நம்புவது?
— ஒரு தந்தை, முத்தியால்பேட்டை

இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள் தம்பி. பி.என்.இ.டி. என்பது ஒரு காலத்தில் பெரிய சாக்குப் பை மாதிரியான பெயராக இருந்தது. என்ன என்று பிரித்துச் சொல்ல முடியாத முதிராத செல் கட்டிகளை எல்லாம் அதில் போட்டுவிடுவோம். 2016-ல் அந்தப் பெயரை உலக சுகாதார அமைப்பின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். காரணம், அப்படிப் பெயர் வைத்திருந்த கட்டிகளின் டி.என்.ஏ.வைப் பார்த்தபோது அதில் பல வேறு நோய்கள் கலந்திருந்தன. சில, ஏற்கெனவே தெரிந்த வேறு கட்டிகள். சில, அதுவரை பெயரே இல்லாத புது வகைகள்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது மெத்திலேஷன். டி.என்.ஏ.வின் எழுத்தை மாற்றாமல், அதன் மேல் செல் வைக்கும் சின்னச் சின்ன வேதிக் குறிகள் இவை. கடலூர்க்காரர் துபாயில் இருபது வருஷம் இருந்தாலும் வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் இல்லையா, அது மாதிரி எந்தச் செல்லிலிருந்து கட்டி பிறந்ததோ அந்தச் செல்லின் குறிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் குழு ஆயிரக்கணக்கான கட்டிகளின் குறிகளைச் சேர்த்து, புதிதாக வரும் கட்டியை அதோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணினி முறையை 2018-ல் வெளியிட்டது. அவர்கள் பரிசோதித்தவற்றில் ஏறக்குறைய நூற்றுக்குப் பன்னிரண்டு கட்டிகளுக்கு மைக்ராஸ்கோப் சொன்ன பெயர் மாறியது. மீதி எண்பத்தெட்டில் மைக்ராஸ்கோப் சொன்ன பெயர் மாறவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். மைக்ராஸ்கோப்பைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன்.

மூன்று வயதுக் குழந்தை என்பதால் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: ஐ.என்.ஐ.1 என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார்களா? சின்னக் குழந்தைகளுக்கு வரும் ஏ.டி.ஆர்.டி. என்ற கட்டியில் அந்தப் புரதம் இருக்காது. சுற்றியிருக்கும் நல்ல செல்களில் பழுப்பு இருக்கும், கட்டி செல்லில் இருக்காது. அந்த ஒரு சாயத்தால் சிகிச்சையே மாறிவிடும். இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே டாக்டர் முன்னால் வைத்து, அந்த இரண்டு நோய்க்குறியியல் டாக்டர்களும் போனில் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். அரை மணி நேரப் பேச்சில் தீர்கிற விஷயத்துக்குக் குடும்பங்கள் இரண்டு மாதம் அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

என் பேரனின் பயாப்ஸி "பிளாக்"கைக் கேட்டபோது, ஆஸ்பத்திரியில் அது எங்களுடையது, தர மாட்டோம் என்கிறார்கள். சென்னையில் கேட்கிறார்கள். அது என்ன, எப்படி வாங்குவது?
— ஒரு தாத்தா, பண்ருட்டி

ஐயா, எல்லாக் கடிதத்திலும் இதுதான் முக்கியமான கடிதம். ஆபரேஷனில் எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, நீரை எடுத்து, உருக்கிய மெழுகில் புதைப்பார்கள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதன் மேல் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் பழுப்பாக ஒரு துண்டு. சட்டத்தின் ஓரத்தில் பென்சிலில் நம்பர் எழுதியிருக்கும். அதுதான் பிளாக். ஸ்லைடு என்பது அதிலிருந்து மயிரிழையை விட மெல்லிசாகச் சீவிய ஒரு வெட்டு. ஸ்லைடு உடைந்தால் இன்னொன்று சீவலாம், பிளாக் தொலைந்தால் அவ்வளவுதான். டி.என்.ஏ. அந்தத் துண்டில் இருக்கிறது. பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம், டாடா குழு நான்கு வகைகளைப் பிரிக்கும் ஒரு முறையை இத்தகைய பிளாக்குகளிலேயே செய்துகாட்டியிருக்கிறது.

பிளாக்கை மருத்துவமனை பத்திரமாக வைத்திருப்பது சரிதான். ஆனால் வேறு டாக்டர் கேட்டால் இரவலாகத் தருவதும் வழக்கம்தான். சென்னை டாக்டரின் லெட்டர், பேரனின் பயாப்ஸி நம்பர், உங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு விண்ணப்பம், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு நேராக நோய்க்குறியியல் துறைக்குப் போங்கள். வார்டில் கேட்டால் சுற்றவிடுவார்கள். பிளாக் தர யோசித்தால் "சாயம் ஏற்றாத ஸ்லைடுகளாவது சீவித் தாருங்கள்" என்று கேளுங்கள். பலருக்கு அது போதும்.

எடுத்துப் போகும்போது கவனம். கத்திரி வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். பனிக்கட்டியும் தேவையில்லை. பஞ்சு சுற்றி, சின்ன டப்பாவில் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் போதும். திரும்பக் கொடுத்ததற்கும் ரசீது வாங்குங்கள்.

துண்டு சின்னதாக இருந்தால், பத்து சாயத்துக்குச் சீவி முடித்துவிட்டு டி.என்.ஏ.வுக்கு எதுவும் மிஞ்சாமல் போவதும் நடக்கிறது. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் "கொஞ்சம் சதையை ஜீன் டெஸ்டுக்கு ஒதுக்கி வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். ஃபார்மலினில் வாரக்கணக்கில் ஊறினாலும் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். பாட்டிலை வீட்டில் அலமாரியில் வைத்திருந்து அடுத்த மாதம் கொண்டுவருகிற குடும்பங்களும் உண்டு. கொடுத்த அன்றே லேப்பில் சேருங்கள்.

பார்வை நரம்பில் கட்டி. மெதுவாக வளரும் வகை என்கிறார்கள். இப்போது மாத்திரையிலேயே குணமாகும் என்று யூடியூபில் பார்த்தேன். உண்மையா?
— ஒரு அத்தை, பாகூர்

பாதி உண்மை. மெதுவாக வளரும் குழந்தைக் கட்டிகளில் பெரும்பாலும் பிராஃப் என்ற ஜீன்தான் கோளாறு. ஆனால் கோளாறு இரண்டு விதம். ஒன்று, வி600இ என்ற ஒற்றை எழுத்துப் பிழை. இதற்கு டாப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துத் தரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2023-ல் ஒரு வயது முதல் அனுமதித்தது. இன்னொன்று, பிராஃப் ஜீன் வேறொரு ஜீனோடு ஒட்டிக்கொள்ளும் இணைப்பு. இந்த இணைப்பு இருக்கும் கட்டிக்கு டாப்ராஃபெனிப் மாதிரியான மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் கட்டி சுருங்காது, வேகமாக வளரவும் கூடும். ஒரே ஜீன், ஒரே பெயர், எதிர் விளைவு. இதற்குத்தான் மாத்திரைக்கு முன்னால் டெஸ்ட். இணைப்பு வகைக்கும் இப்போது வேறு மருந்துகள் வந்திருக்கின்றன. விலை அதிகம் என்பதால் கீமோவையே முதலில் கொடுக்கும் டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். பழைய கீமோவும் பல குழந்தைகளுக்குப் பார்வையைக் காப்பாற்றியிருக்கிறது.

உடம்பில் காபித்தூள் நிற மச்சங்கள் பல இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். என்.எஃப்.1 என்ற பிறவிக் கோளாறோடு வரும் பார்வை நரம்புக் கட்டிக்குப் பெரும்பாலும் பயாப்ஸியே தேவைப்படாது.

மூளைத் தண்டில் கட்டி, அறுவை செய்ய முடியாது என்றார்கள். இப்போது ஊசி போட்டுச் சதை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். குழந்தையை ஏன் இன்னும் வதைக்க வேண்டும்?
— பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

உங்கள் கோபம் புரிகிறது. இந்த இடத்துக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் எச்3 கே27எம் என்ற ஜீன் மாற்றம் இருப்பதை 2012-ல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் இருந்தால் கதிர்வீச்சு சில மாதங்களுக்கு நிம்மதி தரும், குணமாக்குவது அரிது. இதை உங்களிடம் மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அனுபவமுள்ள கைகளில் அந்த ஊசிப் பயாப்ஸி முன்பு பயந்த அளவுக்கு ஆபத்தானது இல்லை. ஸ்கேன் படம் வழக்கம் போல் இல்லாவிட்டால், வேறு நோயாக இருக்க வாய்ப்பு உண்டு என்றால், அல்லது குழந்தையை ஒரு மருந்து ஆய்வில் சேர்க்க முடியும் என்றால் செய்யலாம். ஸ்கேன் தெளிவாக இருந்து, சேர்க்க ஆய்வும் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. வலி, வாந்தி, தூக்கம் ஆகியவற்றுக்கு மருந்து தரும் நோய்த்தணிப்பு சிகிச்சைப் பிரிவில் இன்றே பெயரைப் பதியுங்கள். கடைசி நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தம்பிக்குக் கட்டி. அக்காவுக்கும் வருமா? செல்போன்தான் காரணம் என்று மாமியார் சொல்கிறார்.
— வில்லியனூர் வாசகி

செல்போன் இல்லை. மாமியாரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். பெரும்பாலான கட்டிகள் பரம்பரையில் வருவதில்லை. சில வகைகளில் மட்டும் பிறவியிலேயே ஒரு ஜீன் கெட்டிருக்கும்: டி.பி.53 கெட்ட எஸ்.எச்.எச். மெடுல்லோபிளாஸ்டோமா, சின்னக் குழந்தைகளின் ஏ.டி.ஆர்.டி. போன்றவை. தம்பியின் கட்டியில் அப்படி வந்தால், தம்பியின் இரத்தத்தை ஒருமுறை பார்ப்பார்கள். அதிலும் இருந்தால்தான் அக்காவுக்கு டெஸ்ட். அதுவரை அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்கேன் சென்டர் சென்டராகப் போகாதீர்கள்.

ஒரு சொட்டு இரத்தத்தில் மூளைக் கட்டியைக் கண்டுபிடிக்கும் கிட் என்று வாட்ஸப்பில் வந்தது. வாங்கலாமா?
— அரியாங்குப்பம்

வேண்டாம். மூளைக் கட்டியின் டி.என்.ஏ. இரத்தத்தில் மிகமிகக் குறைவாகவே கசியும். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் தேடும் முயற்சிகள் ஆராய்ச்சிக் கூடங்களில் நடக்கின்றன, அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே நோய் தெரிந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்ப்பதற்காக. நீங்கள் அனுப்பிய விளம்பரத்தை நானும் உற்றுப் பார்த்தேன். லேப் எந்த ஊர் என்று இல்லை, கையெழுத்துப் போடும் டாக்டர் பெயர் இல்லை, பணம் அனுப்ப வேண்டிய கியூ.ஆர். கோடு மட்டும் பெரிதாக இருக்கிறது.